தலையில் மாட்டும் முன் மூளையைக் கசக்குங்கள்!



விமானம் ஓட்ட ஆசை, ரேஸ் கார் ஓட்ட ஆசை. இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாத ஆள் நம் வகுப்புகளில் கிடைப்பது கஷ்டம். லைசென்ஸும் காசும்தான் இடிக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவைதான் சிமுலேட்டர்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் எக்ஸ்-பிளேன், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், அசெட்டோ கோர்ஸா என்று ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டு இரவு முழுக்க ஓட்டலாம். அதோடு ஒரு வி.ஆர். ஹெட்செட்டும் சேர்ந்துவிட்டால் மேஜை, சுவர், அலமாரி எல்லாம் மறைந்துபோய், காக்பிட்டுக்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பீர்கள். இடது பக்கம் திரும்பினால் ஜன்னல், குனிந்தால் மீட்டர்கள், பின்னால் எட்டிப் பார்த்தால் வால்.

அதெல்லாம் சரி, எந்த ஹெட்செட்டை வாங்குவது? விளம்பரத்தில் ஒவ்வொன்றும் 'உலகத்திலேயே சிறந்தது'தான். விலையோ நம் செமஸ்டர் ஃபீஸைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். தப்பாக வாங்கினால் பல மாதச் சேமிப்பு ஓர் அட்டைப் பெட்டிக்குள் போய்த் தூங்கும். ஆகவே, நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டு ஒரு ஹெட்செட் வாங்கக் கிளம்பியபோது நான் படித்ததையும், ஸ்கேல் வைத்து அளந்ததையும், கணக்குப் போட்டதையும் இங்கே தருகிறேன். நாம் டிப்ளமோ மாணவர்கள். விளம்பரத்தை நம்புவதைவிடக் கணக்கை நம்புவது நமக்கு அழகு!

கொஞ்சம் பழைய கதை

சிமுலேட்டர் என்பது நேற்று வந்ததல்ல. 1929-ல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் விமானப் பயிற்சிக்கு ஒரு பெட்டியைச் செய்தார். அவருடைய அப்பா ஆர்கன், பியானோ செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளையே வைத்து மகன் பெட்டியைச் சாய்த்தும் திருப்பியும் ஆட்டினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஏராளமான விமானிகள் அந்த 'லிங்க் டிரெய்ன'ரில்தான் பயிற்சி பெற்றார்கள்.

தலையில் மாட்டும் திரை 1968-ல் வந்தது. ஐவன் சதர்லேண்ட் செய்த அந்தக் கருவியைக் கூரையிலிருந்து ஓர் இரும்புக் கையில் தொங்கவிட்டிருந்தார்கள். தலைக்கு மேலே கத்தி தொங்கும் கிரேக்கக் கதையை நினைவுபடுத்தி, 'டாமக்ளிஸின் வாள்' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1995-ல் நின்டென்டோ 'விர்ச்சுவல் பாய்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சிவப்பு நிறம் மட்டுமே தெரியும். அடுத்த ஆண்டே கடையைக் கட்டியது. பிறகு 2012-ல் ஆக்குலஸ் நிறுவனம் பொதுமக்களிடமே நிதி திரட்டி மறுபடி தொடங்கியது. 2016-ல் ஆக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ் இரண்டும் விற்பனைக்கு வந்தன. இன்றைய ஹெட்செட்டுகள் எல்லாம் அந்த வழியில் வந்த வாரிசுகள்.

"இது வெறும் விளையாட்டுச் சாமான்தானே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்கான ஒரு வி.ஆர். பயிற்சிக் கருவிக்கு முதன்முறையாகச் சான்றிதழ் வழங்கியது. அதைச் செய்தது சுவிட்சர்லாந்தின் வி.ஆர்.எம். நிறுவனம். ஆனால் ஒன்று, நம் வீட்டில் ஓட்டும் மணிகள் எந்த லைசென்ஸுக்கும் கணக்கில் சேராது. அதை நினைத்துப் பணத்தைப் போடாதீர்கள்.

உட்கார்ந்து ஓட்டுபவருக்கு என்ன தேவை?

வாள் வீசும் ஆட்டம், குத்துச்சண்டை ஆட்டம் என்றால் எழுந்து நிற்க வேண்டும்; இரண்டு கையிலும் கன்ட்ரோலர் வேண்டும்; அறை முழுக்க நடக்க வேண்டும். சிமுலேட்டரில் அது எதுவும் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். கையில் ஸ்டீயரிங் அல்லது ஜாய்ஸ்டிக். காலில் பெடல்.

ஆகவே, கன்ட்ரோலர் எவ்வளவு உசத்தி என்பது நமக்கு இரண்டாம் பட்சம். நமக்கு முக்கியமானவை வேறு: மீட்டரின் எண்கள் படிக்கத் தெளிவாகத் தெரிய வேண்டும். கழுத்து வலிக்காமல் ஒரு மணி நேரம் போட்டிருக்க முடிய வேண்டும். வியர்த்துக் கொட்டக் கூடாது. கீபோர்டைத் தேடும்போது சட்டென்று மேலே தூக்கிப் பார்க்க வசதி வேண்டும். விமர்சனம் படிக்கும்போது எழுதியவர் எந்த வேலைக்கு அதைப் பயன்படுத்தினார் என்று முதலில் பாருங்கள்.

மொத்தப் பிக்சல் அல்ல, டிகிரிக்கு எத்தனை?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் பிக்சல் கணக்கைப் போட்டிருப்பார்கள். அது பாதி உண்மைதான். அந்தப் பிக்சல்கள் எவ்வளவு அகலமான பார்வைக்குப் பரவியிருக்கின்றன என்பதே முழு உண்மை. ஒரு கிலோ மாவில் தோசை வார்ப்பது போல. கல் பெரிசானால் தோசை மெலிசாகும்.

கணக்கைப் பாருங்கள். 24 அங்குல ஃபுல் எச்.டி. மானிட்டர் சுமார் 53 செ.மீ. அகலம். 60 செ.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் அது கண்ணுக்கு 48 டிகிரி. குறுக்கே 1920 பிக்சல். வகுத்தால் டிகிரிக்கு 40 பிக்சல்.

இப்போது மெட்டா க்வெஸ்ட் 3-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு கண்ணுக்கு 2064 × 2208 பிக்சல். அகலம் 110 டிகிரி. வகுத்தால் சராசரி 19 தான். நடுப்பகுதியில் 25 என்று நிறுவனம் சொல்கிறது. நல்ல பார்வை உள்ள கண்ணோ டிகிரிக்கு 60 வரை பிரித்தறியும்.

அதாவது, ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் சாதாரண மானிட்டர், பல ஆயிரம் கொடுத்து வாங்கும் ஹெட்செட்டைவிடக் கூர்மையானது! இதை அறியாமல் வாங்குபவர்கள்தான் முதல் நாளே, "என்னடா, கலங்கலா தெரியுது?" என்கிறார்கள். ஹெட்செட்டின் பலம் கூர்மை அல்ல, ஆழமும் அளவும்தான். ஓடுபாதை எவ்வளவு கீழே இருக்கிறது, வளைவுக்கு இன்னும் எத்தனை அடி என்பதெல்லாம் இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் உடம்புக்கே புரிகிறது. தரையிறங்கும் நேரத்தில் மூக்கைத் தூக்க வேண்டிய கணம் எனக்கு மானிட்டரில் பிடிபடவே இல்லை, ஹெட்செட்டில் பிடிபட்டது. கூர்மைதான் முக்கியம், சின்ன எழுத்தெல்லாம் படிக்க வேண்டும் என்றால் மானிட்டரிலேயே இருங்கள்.

லென்ஸ் மூன்று வகை

முதல் வகை ஃப்ரெனல். கலங்கரை விளக்கத்துக்காக பிரான்ஸின் ஃப்ரெனல் 1820-களில் உருவாக்கிய அதே வட்ட வட்டப் படிக்கட்டு லென்ஸ்தான். மெலிசு, விலை மலிவு. குறை என்னவென்றால், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் ஒளிக்கீற்றுகள் சிதறும். இரவில் ஓடுபாதை விளக்குகளைப் பார்க்கும்போது தொந்தரவு. நடுவில் மட்டும்தான் தெளிவு. ஓரத்து மீட்டரைப் படிக்கத் தலையையே திருப்ப வேண்டும்.

இரண்டாம் வகை பேன்கேக். ஒளியை உள்ளுக்குள்ளேயே முன்னும் பின்னும் மடக்கி அனுப்புவதால் பெட்டி ஒல்லியாகிறது. ஓரம் வரை தெளிவு. ஆனால் மடக்குவதில் ஒளியின் பெரும்பகுதி வீணாகிறது. அதை ஈடுகட்டத் திரை அதிக வெளிச்சத்தோடு எரிய வேண்டும்.

மூன்றாம் வகை ஆஸ்பெரிக். படிக்கட்டு இல்லாத, வளைவைக் கணக்காகச் செதுக்கிய லென்ஸ். படம் பளிச்சென்று இருக்கும். பெட்டி தடிமனாகும், கனக்கும்.

திரையிலும் இரண்டு ஜாதி உண்டு. எல்.சி.டி. திரையில் கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும். ஓ.எல்.இ.டி. திரையில் கறுப்பு கறுப்பாகவே தெரியும். நீங்கள் இரவுப் பறப்பில் பிரியமுள்ளவர் என்றால் இதைக் கவனியுங்கள்.

கண்ணுக்குக் கண் தூரம்

இதை யாரும் சொல்வதில்லை. இதில்தான் காசு வீணாகிறது. இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்களுக்குச் சராசரி சுமார் 63 மி.மீ. லென்ஸின் நடுவும் கண்மணியின் நடுவும் ஒன்றாக நிற்காவிட்டால் படம் மங்கும், கண் வலிக்கும்.

அளப்பது சுலபம். கண்ணாடி முன் நின்று, புருவத்துக்குக் கீழே ஸ்கேலை வையுங்கள். வலது கண்ணை மூடி, இடது கண்மணியின் நடுவில் பூஜ்யத்தை நிறுத்துங்கள். ஸ்கேலையும் தலையையும் அசைக்காமல் இடது கண்ணை மூடி, வலது கண்மணியின் நடுவில் என்ன எண் வருகிறது என்று பாருங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

எங்கள் நாலு பேரின் அளவு: 58, 61, 65.5, 70. இப்போது கருவிகளைப் பாருங்கள். 2024-ல் வந்த க்வெஸ்ட் 3எஸ்ஸில் 58, 63, 68 என்று மூன்றே படிகள். எங்களில் 58-காரனுக்கு மட்டுமே கச்சிதம், 65.5-காரன் இரண்டு படிக்கும் நடுவே அல்லாடுவான். 2023-ல் வந்த க்வெஸ்ட் 3-ல் 58 முதல் 71 வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளும் சக்கரம் இருக்கிறது. நாலு பேருக்கும் பொருந்தும். அறிமுகமானபோது ஒன்றின் ஆரம்ப விலை சுமார் 300 டாலர், மற்றது 500 டாலர். ஒரே ஆள் வாங்கி, அவர் கண் 63 என்றால் மலிவானதே போதும். பங்கு போட்டு வாங்கினால் கதை வேறு.

கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. திரை கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தாலும், லென்ஸ் அதை ஒன்று முதல் இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதாகக் காட்டும். ஆகவே, கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பவரைப் பொறுத்து உள்ளேயும் கண்ணாடி தேவைப்படும். கண்ணாடியோடு மாட்டும்போது இரண்டும் உரசிக் கீறல் விழலாம். உங்கள் பவருக்கேற்ப உள்ளே பொருத்தும் லென்ஸ் தனியாகக் கிடைக்கிறது. அதன் விலையையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

ஒயரா, ஒயர்லெஸ்ஸா?

மறுபடி கணக்கு. க்வெஸ்ட் 3-ன் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து சுமார் 91 லட்சம் பிக்சல். வினாடிக்கு 90 படம், பிக்சலுக்கு 24 பிட். பெருக்கினால் வினாடிக்குச் சுமார் 19.7 ஜிகாபிட். நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் யு.எஸ்.பி. 3 ஒயர் தாங்குவது 5 ஜிகாபிட். வைஃபை அதைவிடக் குறைவு. பிறகு எப்படிப் படம் வருகிறது? கம்ப்யூட்டர் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. ஹெட்செட் விரித்துக் காட்டுகிறது. இதில் கொஞ்சம் தெளிவும் போகும், கொஞ்சம் நேரமும் போகும்.

டிஸ்ப்ளேபோர்ட் ஒயர் உள்ள ஹெட்செட்டில் இந்தத் தொல்லை குறைவு. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 சுமார் 25.9 ஜிகாபிட் தாங்கும். நாம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. ஆகவே, ஒயர் நமக்குப் பெரிய சுமையல்ல. ஒயர்லெஸ்தான் வேண்டும் என்றால், கம்ப்யூட்டரை ரூட்டரோடு ஒயரில் இணையுங்கள். ரூட்டர் அதே அறையில், 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கட்டும். விடுதியின் பொது வைஃபையில் இது நடக்கிற காரியமில்லை.

உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா?

91 லட்சம் பிக்சலை வினாடிக்கு 90 முறை வரைவது என்றால் 82 கோடி பிக்சல். சாதாரண மானிட்டருக்கு வினாடிக்கு 60 படம் என்றால் சுமார் 12 கோடி. ஆக, கிராபிக்ஸ் கார்டுக்கு ஆறு மடங்குக்கு மேல் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது 11 மில்லி செகண்ட் மட்டுமே.

முடியாதபோது என்ன செய்கிறது? 45 படத்தை உண்மையில் வரைந்து, நடுவில் உள்ள 45-ஐ ஊகித்துப் போட்டு ஒப்பேற்றும். மெதுவாகப் பறக்கும் சின்ன விமானத்தில் இது பெரும்பாலும் தெரியாது. ரேஸ் காரில் ஓரத்துக் கம்பங்கள் நெளியும். எனவே, முதலில் உங்கள் கார்டைப் பாருங்கள், பிறகு ஹெட்செட்டைத் தேடுங்கள். திரை உசத்தியாக ஆக கார்டும் உசத்தியாக வேண்டும். ஹெட்செட்டுக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, படத்தின் தரத்தைப் பாதியாகக் குறைத்து ஓட்டுவதில் என்ன லாபம்?

தலைசுற்றலும் இஞ்சி மரப்பாவும்

கண் 'ஓடுகிறோம்' என்கிறது. காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு 'இல்லை, உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு மாட்டிக்கொள்கிறது. மலைப்பாதை பஸ்ஸில் வாந்தி வருவதும் இதே சண்டைதான், தலைகீழாக.

எங்களுக்கு ஒரு சீனியர் தன் ஹெட்செட்டை இரண்டு நாள் இரவல் கொடுத்தார். மூன்று பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. 61-காரன் மட்டும் ஐந்தே நிமிடத்தில் கழற்றி வைத்துவிட்டு, "டேய், எனக்கு வேணாம்டா சாமி!" என்று படுத்துவிட்டான். மறுநாளும் அதே கதை. அவன் பங்கை அவனிடமே திருப்பிக் கொடுத்தோம். அவன் அதில் ஒரு நல்ல ஜாய்ஸ்டிக் வாங்கி மானிட்டரில் ஓட்டுகிறான். எங்களைவிட நன்றாகவே இறங்குகிறான். வாங்கிய பிறகு இது தெரிந்திருந்தால் நாலு பேருக்குள் சண்டைதான் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே, இரவல் வாங்கியாவது ஒரு முறை மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். பழகும்போது முதல் வாரம் பத்து நிமிடம் போதும். செஸ்னா 172 போன்ற நிதானமான விமானத்தில் தொடங்குங்கள். ரேஸ் காரும் சாகசமும் பிறகு. லேசாகக் குமட்டினாலே கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துத் தாங்கினால் மறுநாள் ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டும். முகத்துக்கு நேரே ஃபேன் வையுங்கள். இஞ்சி மரப்பா சிலருக்குக் கைகொடுக்கும். ஓட்டி முடித்த கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். கொஞ்ச நேரம் தரையில் உட்காருங்கள்.

சந்தையில் என்ன இருக்கிறது?

க்வெஸ்ட் 3, 3எஸ்: இரண்டும் 515 கிராம் சுமார். தனியாகவும் இயங்கும், கம்ப்யூட்டரோடும் இயங்கும். கம்ப்யூட்டரோடு இணைக்கும்போது மேலே சொன்ன சுருக்கல் உண்டு. முதல் ஹெட்செட்டாகப் பலருக்கும் இதுவே போதும்.

பிளேஸ்டேஷன் வி.ஆர்.2: 2023-ல் வந்தது. ஓ.எல்.இ.டி. திரை, ஒரு கண்ணுக்கு 2000 × 2040. 2024 ஆகஸ்டில் கம்ப்யூட்டருக்கான அடாப்டர் வந்தது. ஒயர் வழியே வருவதால் படம் சுருங்குவதில்லை; இரவு வானம் அழகு. லென்ஸ் ஃப்ரெனல் வகை. கண் அசைவைக் கண்காணிக்கும் வசதி கம்ப்யூட்டரில் அதிகாரப்பூர்வமாகக் கிடையாது. டிஸ்ப்ளேபோர்ட் ஒயரைத் தனியாக வாங்க வேண்டும்.

பைமாக்ஸ் கிரிஸ்டல் லைட்: 2024. ஒரு கண்ணுக்கு 2880 × 2880, ஆஸ்பெரிக் கண்ணாடி லென்ஸ், டிஸ்ப்ளேபோர்ட் ஒயர். மீட்டர் எழுத்துகள் நன்றாகப் படிக்கும். கனமானது, வலுவான கார்டு கேட்கும். விமான சிமுலேட்டர் பித்தர்களுக்கு!

பிக்ஸ்கிரீன் பியாண்ட்: 2023-ல் வந்தபோது வெறும் 127 கிராம். முகத்துக்கு அளவெடுத்துச் செய்வது. ஆகவே, பங்கு போட்டு வாங்க ஏற்றதல்ல. சுவரில் மாட்டும் பேஸ் ஸ்டேஷன்களும் தனியே வேண்டும்.

பழைய சரக்கு வாங்குபவர்கள் கவனத்துக்கு

2020-ல் வந்த எச்.பி. ரிவெர்ப் ஜி2, ஒரு கண்ணுக்கு 2160 × 2160 பிக்சல் கொண்டது. ஒரு காலத்தில் சிமுலேட்டர்காரர்களின் செல்லப்பிள்ளை. அது 'விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி' என்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருளை நம்பி இயங்கியது. 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் அது நீக்கப்பட்டது. நன்றாக இருந்த கருவி ஒரே அப்டேட்டில் பேப்பர் வெயிட்! 2025-ல் ஆர்வலர் ஒருவர் எழுதிய டிரைவர் வந்து என்விடியா கார்டு உள்ளவர்களுக்கு மட்டும் அதை உயிர்ப்பித்தது.

பாடம் என்ன? இரும்பு கெட்டுப்போகாமலே கருவி சாகலாம். பழைய ஹெட்செட் சல்லிசாக வந்தால், "ஏன் விற்கிறார்?" என்று கேளுங்கள், உங்கள் விண்டோஸிலேயே, உங்கள் கார்டிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். லென்ஸ் வழியே வெள்ளைப் படம் ஒன்றைப் பார்த்து, கரும்புள்ளி இருக்கிறதா என்று கவனியுங்கள். ஜன்னலோரம் வைத்த ஹெட்செட்டின் லென்ஸ், பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பது போல, சூரிய ஒளியைக் குவித்துத் திரையைச் சுட்டுவிடும். நீங்களும் லென்ஸை வெயில் படும்படி ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள்.

வாங்காமலும் ஓட்டலாம்

பணம் இல்லையா? கவலை வேண்டாம். 'ஓப்பன்ட்ராக்' என்ற இலவச மென்பொருளும் ஒரு சாதாரண வெப்கேமராவும் போதும். தலையை லேசாகத் திருப்பினால் திரையில் காட்சி திரும்பும். ஆழம் தெரியாது, ஆனால் சுற்றிப் பார்க்கலாம். கீபோர்டில் ஓட்டுபவர்கள் முதலில் ஒரு ஜாய்ஸ்டிக்கோ ஸ்டீயரிங்கோ வாங்குங்கள். கை பழகாதவருக்குக் கண் எவ்வளவு தெரிந்தும் பயனில்லை.

சுருக்கமாக, கேட்க வேண்டிய கேள்விகள் ஆறு: என் கார்டு தாங்குமா? என் கண் அளவுக்குப் பொருந்துமா? டிகிரிக்கு எத்தனை பிக்சல்? படம் ஒயரில் அப்படியே வருகிறதா, சுருங்கி வருகிறதா? என் உடம்பு ஒத்துக்கொள்கிறதா? இதை இயக்கும் மென்பொருளை நாளைக்கும் யாராவது பராமரிப்பார்களா? ஆறுக்கும் பதில் கிடைத்த பிறகு பர்ஸைத் திறங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். ஓடுபாதை எங்கேயும் ஓடிப்போய்விடாது!